துகில் பாதியில் நின்ற கூத்து: உங்களுக்கும் இப்படி நேர்ந்ததா?

தருமபுரிக்காரன்:
கிருஷ்ணகிரியில் ஒரு பூங்காவில் பார்த்த தெருக்கூத்து. திரௌபதியின் துகிலை உரியும் கதை எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சேலையில் கை வைக்கும் முன் துச்சாதனன் கற்பூரம் ஏற்றித் திரௌபதியைக் கும்பிட்டார். திரௌபதி வேஷம் கட்டியவரும் ஆண்தான். மழித்த மீசையின் பச்சை அரிதாரத்தை மீறித் தெரிந்தது. இரண்டு சுற்று இழுத்திருப்பார். "கோவிந்தா" என்று திரௌபதி கைகளைத் தூக்கினார். மணி பத்து, மைக்கை அணைத்துவிட்டார்கள். விளக்கும் போயிற்று. நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பக்கத்திலிருந்த ஆயா மட்டும் எழவில்லை. "கிருஷ்ணன் இன்னும் வரவில்லையே, நான் எப்படிப் போவேன்?" என்றார். கிருஷ்ணனோ திரைக்குப் பின்னால் கிரீடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சபையில் அவளை அப்படியே நிறுத்திவிட்டு வரலாமா? இன்றுவரை உறுத்துகிறது.

காவேரிப்பட்டணம்:
மைக் போனால் கூத்து போய்விடுமா? பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், வெறும் தொண்டையில், விடிய விடிய ஆடியவர்கள் இந்த மாவட்டத்துக்காரர்கள். பூங்காவில் இரண்டு மணி நேரத்துக்குள் மடித்து வைக்க அது என்ன போர்வையா? நான் சொல்ல வந்தது அர்ச்சுனன் தபசு, சிவனை நோக்கி அர்ச்சுனன் தவமிருக்க மரம் ஏறும் கூத்து. படிக்கொரு பாட்டாகப் பாடி மரத்தின் உச்சிக்கு ஏறியவர் எலுமிச்சம்பழத்தை வீசினார். பிள்ளை வரம் கேட்டு முந்தானை ஏந்தி உட்கார்ந்திருந்த என் அண்ணியின் மடியில் அது விழ, பக்கத்துப் பெண் தாவிப் பிடித்துவிட்டாள். இருவரும் விடவில்லை. கடைசியில் பெரியவர் ஒருவர் சூரிக்கத்தியால் பழத்தை இரண்டாக அறுத்துக் கொடுத்தார். முறைத்துக்கொண்டே தின்றார்கள். யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று கேட்காதீர்கள்.

பென்னாகரம்:
காவேரிப்பட்டணத்தாருக்குக் கோபம் அதிகம். இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. திருவிழா, கலை நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதே விதி இடம் தருகிறது. ஏற்பாட்டாளர்கள் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும், அல்லது கதையை முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும். என் அனுபவம் சிறியது: பாரதப் போரின் முடிவை நடிக்கும் படுகளத்தில் திரௌபதி கூந்தலை முடிந்ததும், மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றிக் கூட்டம் மொய்த்து ஆளுக்கொரு பிடி மண் அள்ளியது. என் பிடியில் வந்தது அவன் மூக்கு.

இனி முதல்முறை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பூங்கா வேண்டாம், திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்குப் போங்கள். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. பகலில் கேட்டதுதான் இரவில் எழுந்து ஆடும், ஆகவே மதியமே போய்விடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் கம்பளி அவசியம். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே உட்காராதீர்கள். ஆர்மோனியமும் மிருதங்கமும் இருக்கிற பக்கமாக உட்கார்ந்தால் முகவீணை என்கிற சிறு ஊதுகுழல் காதில் நன்றாக விழும். முன்வரிசையில் தூங்கினால் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சும்மா விடமாட்டான், உங்கள் தூக்கத்தையே நகைச்சுவையாக்கிவிடுவான். குழந்தைகளைத் துகில் இரவுக்கு அழைத்துப் போவதானால் கதையை முன்பே சொல்லிவையுங்கள்.

தருமபுரிக்காரன்:
கம்பளி இருக்கட்டும். நான் கேட்டது வேறு.

ஊத்தங்கரை:
அதே இரவு நானும் அங்கே இருந்தேன். கூத்துக்காரர்கள் அப்படியே போய்விடவில்லை. வாயிலுக்கு வெளியே வேனில் சாமான்களை ஏற்றும்போது, துச்சாதனன் வேஷம் கட்டியவரே மைக் இல்லாமல் பாடினார். மிருதங்கம் உறைக்குள் போய்விட்டது, வேன் கதவில்தான் தாளம். கிருஷ்ணன் சேலை தந்த பாட்டு அது.

காவேரிப்பட்டணம்:
அது மங்களமாக இருக்கும். எந்தக் கூத்தானாலும் மங்களம் பாடாமல் கிளம்பமாட்டார்கள். அதை வைத்துக் கிருஷ்ணன் வந்துவிட்டார் என்று கணக்கு எழுத முடியாது.

ஊத்தங்கரை:
மங்களத்துக்கும் துகில் பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?