பிறந்தநாள் பாட்டில் எஃப் கார்டு வரவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

உட்லண்ட்ஸ் தம்பி:
அடுத்த மாதம் அம்மாவுக்கு 60 வயது. சொந்தக்காரர்கள் வீட்டில் கூடும்போது கிட்டார் வாசித்துப் பிறந்தநாள் பாட்டைப் பாட ஆசை. கற்க ஆரம்பித்து ஆறு வாரம் ஆகிறது. பழைய அக்கூஸ்டிக் கிட்டார், இரும்புத் தந்தி. பாட்டுக்குச் சி, எஃப், ஜி மூன்றே கார்டுதான் (கார்டு என்றால் சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு). ஆனால் எஃப் வந்தாலே ஆள்காட்டி விரல் சரியாக அழுந்தாமல் இரண்டு தந்தி ஊமையாகிவிடுகிறது. நான்கு நான்காக எண்ணி ஸ்ட்ரம் செய்தால், அதாவது தந்திகளை மொத்தமாக வருடினால், பாட்டோடும் ஒட்டவில்லை.

தேக்கா அக்கா:
தம்பி, எஃப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மூன்றாம் ஃபிரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கம்பிகளால் பிரிந்த கட்டம்) கேப்போ, அதாவது தந்திகளை மொத்தமாக அழுத்தும் கவ்வி, மாட்டி ஏ, டி, இ வாசியுங்கள். காதுக்கு அதே சி, எஃப், ஜிதான் கேட்கும்.

ஏ கார்டுக்கு ஆள்காட்டி விரலை மூன்றாம் தந்தியில் வையுங்கள் (மிக மெல்லிய தந்திதான் முதல் தந்தி). நடுவிரல் நான்காம் தந்தி, மோதிர விரல் இரண்டாம் தந்தி. கேப்போவிலிருந்து எண்ணினால் மூன்றுமே இரண்டாம் ஃபிரெட். டிக்கு மாறும்போது ஆள்காட்டி விரல் அசையவே வேண்டாம். இ-க்கு அதே தந்தியில் கேப்போ பக்கமாக ஒரு ஃபிரெட் நகர்த்தினால் போதும். அந்த விரல் தந்தியை விடாமல் இருந்தால் மற்ற இரண்டும் தானாக இடம் கண்டுகொள்ளும். எனக்குக் கை பழகியது இப்படித்தான்.

ஜூரோங் அண்ணன்:
இது மூன்று எண்ணிக்கைப் பாட்டு. ‘ஹேப்பி’க்குக் கை சும்மா இருக்கட்டும், ‘பர்த்’ என்னும்போது முதல் அடி. ‘பர்த்-டே-டு’ ஏ, ‘யூ’ இ. இரண்டாம் வரி இ-யில் தொடங்கி ஏ-யில் முடியும். மூன்றாம் வரியில் ‘டியர்’ வரை ஏ, ‘அம்மா’வுக்கு டி. கடைசி வரியில் ‘பர்த்-டே’ ஏ, ‘டு’ இ, ‘யூ’ ஏ.

இன்னொன்று, நம் சிங்கப்பூர் ஈரக்காற்றில் மரம் உப்பித் தந்தி மேலே ஏறிவிடும். கேப்போ இல்லாமல் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தடித்த தந்திக்குக் கீழே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் ஏதாவது கிட்டார் கடையில் காட்டித் தந்தியைத் தாழ்த்தச் சொல்லுங்கள். விரல் வலி பாதி குறையும்.

உட்லண்ட்ஸ் தம்பி:
அக்கா, டி சுத்தமாக வந்துவிட்டது! அண்ணே, அளந்தேன், 4 மில்லிமீட்டர். சனிக்கிழமை கடைக்குப் போகிறேன். கடைசி வரியில் ‘டு’வுக்கு மட்டும் கை பிந்துகிறது.

தேக்கா அக்கா:
அங்கே ஒரே ஒரு அடிக்குத்தான் இ வரும், அதனால்தான். பாட்டை விட்டுவிட்டு ஏ-இ-ஏ மட்டும் மெதுவாக, தினமும் ஐந்து நிமிடம் மாற்றிப் பாருங்கள். அம்மாவுக்கு என் வாழ்த்தையும் சொல்லுங்கள்.