லிம்ப் செய்து வருகிறவர்களை என்ன செய்வது?

மாங்குளம் சந்தி:
காலபோக அறுவடை முடிந்ததிலிருந்து எங்கள் வீட்டு விறாந்தையில் இரவில் போக்கர் நடக்கிறது. ஏழு பேர். காசு இல்லை, புளியங்கொட்டைதான், ஆளுக்கு 200. பிளைண்ட், அதாவது காட்ஸைப் பார்க்கும் முன்பே டீலருக்கு அடுத்த இருவர் கட்டாயமாக வைப்பது, 1, 2. ரெய்ஸ் செய்ய, தொகையை ஏற்ற, ஒருவருக்கும் மனம் வராது. பெரிய பிளைண்டுக்குச் சமமாக இரண்டு கொட்டையைத் தள்ளிவிட்டு, அதாவது லிம்ப் செய்து, ஃப்ளொப், நடுவில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று காட்ஸ், பார்க்க வந்துவிடுவார்கள். நேற்று டீலர் இடத்தில் எனக்கு ஏஸும் குயினும், வேறு வேறு இனம். முன்னால் நால்வர் லிம்ப். 8 ஆக ஏற்றினேன். பிளைண்ட் இருவரும் மடக்கினார்கள், அந்த நால்வரும் கூடவே வந்தார்கள். ஃப்ளொப்பில் 9, 7, 6. ஒன்பதும் ஆறும் வைத்திருந்த சித்தப்பா அள்ளிக்கொண்டார். இப்படியானவர்களிடம் ரெய்ஸ் செய்து பயன் உண்டா?

நெடுங்கேணி அண்ணை:
இல்லைத் தம்பி. புளியங்கொட்டைக்கு யார் பயப்படுவான்? மரத்தடிக்குப் போனால் இன்னும் 200 பொறுக்கலாம். நம்மவர்கள் 304 என்ற காட்ஸ் விளையாட்டில் வளர்ந்தவர்கள். அதில் கேள்வி, அதாவது ஏலம், கேட்காமல் பாஸ் சொல்லலாமே தவிர, காட்ஸைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க முடியாது. கடைசிப் பிடி வரை விளையாடியே ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தோடுதான் இங்கும் உட்காருகிறார்கள். நீரும் மலிவாக உள்ளே போம். சிறிய சோடி கிடைத்தால் ஃப்ளொப்பில் மூன்றாவது விழ நூற்றுக்கு 12 வாய்ப்பு. விழுகிற அன்று ஒருவரின் 200ஐயும் வாங்கிவிடலாம்.

முத்தையன்கட்டு:
சிறிய சோடிக்கு அண்ணை சொல்வது சரி. ஏஸ் குயினுக்கும் அதே வைத்தியமா? சந்தி வைத்த தொகைதான் பிழை. லிம்ப் செய்த நால்வரின் 8, பிளைண்ட் 3, ஆக மேசையில் 11. சந்தி 8 வைத்ததும் 19. முதல் ஆள் வெறும் 6 கொடுத்து அந்த 19க்கு விளையாடலாம், அடுத்தவருக்கு இன்னும் மலிவு. அந்த விலைக்கு நானும் 9, 6 ஓடு வந்திருப்பேன். வழக்கமான அளவு பெரிய பிளைண்டின் நான்கு மடங்கு, லிம்ப் செய்த ஒவ்வொருவருக்கும் மேலும் ஒரு பிளைண்ட். இங்கே அது 16. அப்போது முதல் ஆள் 14 கொடுத்து 27க்கு விளையாட வேண்டும். அதற்கும் வருகிறார்களா? 20 ஆக்குங்கள்.

நெடுங்கேணி அண்ணை:
24 வைத்தாலும் வருவார்கள் என்கிறேன். ஐந்து பேர் நிற்கும்போது ஏஸ் சோடிகூடப் பாதியளவில்தான் வெல்லும்.

முத்தையன்கட்டு:
எதிரில் நால்வர் எழுந்தமானமான காட்ஸோடு நின்றால் நூற்றுக்கு 56. ஆனால் நீங்கள் போட்டது ஐந்தில் ஒரு பங்கு. 20 போட்டு 56 எடுக்கும் வியாபாரத்தை எந்த முதலாளி வேண்டாம் என்பான்? அவர்கள் மடக்கவே மாட்டார்கள் என்றால் வெறுங்கையோடு ஏற்றி மிரட்டும் பிளஃபை விடுங்கள், சில்லறைக் கையோடு ஏற்றுவதையும் விடுங்கள். நல்ல கை வரும்போது கூடுதலாக வாங்குங்கள்.

பூநகரியான்:
இருவருமே இருக்கையை மறந்துவிட்டீர்கள். டீலர் இடத்தில் இருப்பவன் கடைசியாகப் பேசுகிறான், ஆகவே அவன் ஏற்றலாம். சிறிய பிளைண்டில் இருப்பவன் ஃப்ளொப்புக்குப் பிறகு முதலில் பேச வேண்டும், நால்வர் அவனுக்குப் பின்னால். அங்கே ஏஸ் ஜாக் வந்தால் நான் ஒரு கொட்டையை மட்டும் சேர்த்துவிட்டுப் பார்ப்பேன். லிம்ப் செய்தவர் ஒருவரே என்றால் கதை வேறு. அவரைத் தனியாகப் பிடிக்கலாம்.

மற்றது, ஆளைப் பாருங்கள். எங்கள் மேசையில் ஒரு மாமா ஏஸ் சோடி வந்தாலும் இரண்டு கொட்டையைத்தான் தள்ளுவார். யாராவது ஏற்றினால் மூன்று மடங்காகத் திருப்பி வைப்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது, வெற்றிலை மெல்லுவது மட்டும் நின்றுவிடும்.

மாங்குளம் சந்தி:
சித்தப்பாவுக்கு அந்தத் தந்திரமெல்லாம் கிடையாது. எது வந்தாலும் இரண்டு கொட்டை, யார் ஏற்றினாலும் ஒரு சிரிப்பு. இன்றிரவு 20 வைக்கிறேன்.

நெடுங்கேணி அண்ணை:
வையும். ஃப்ளொப்பில் ஒன்றும் விழாவிட்டால் என்ன செய்வீர் என்று முத்தையன்கட்டு இன்னும் சொல்லவில்லை.

முத்தையன்கட்டு:
செக், ஒன்றும் வைக்காமல் விடுங்கள். நால்வர் நிற்கும் இடத்தில் வெறுங்கையோடு மேலும் ஏன் போட வேண்டும்? யாராவது பந்தயம் வைத்தால் மடக்குங்கள். ஏஸோ குயினோ விழ ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. விழுந்தால் சித்தப்பா சின்னச் சோடியோடு கடைசிக் காட் வரை கூடவே வருவார், ஒவ்வொரு சுற்றும் அவரிடம் வாங்குங்கள்.