புதுப்பிப்பு: வண்டலின் கார்பன்-13 மதிப்பு எகிறியதற்குக் காரணம் கிடைத்தது

முகத்துவார வண்டலில் உள்ள கரிமப் பொருள் நிலத்தில் இருந்து வந்ததா, கடலில் இருந்தா என்று அறிய முயன்றபோது டெல்டா கார்பன்-13 (கனமான கார்பன்-13 ஐசோடோப்பின் விகிதம் ஒரு தரநிலையிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) மைனஸ் 11 பெர்மில் (ஆயிரத்தில் 11 பங்கு குறைவு) என எதிர்பாராத அளவு உயர்வாக வந்ததே, காரணம் கேட்டு எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சி4 புற்கள்தான் (சோளம், கரும்பு போல கார்பன்-13 சற்றுக் கூடுதலாக உள்ள வகை) காரணம் என்ற ஊகம் (என்னுடையதும் அதுவே) தவறு. குற்றவாளி, பொடிந்த சிப்பி ஓடு. கடல் கார்பனேட்டின் மதிப்பு பூஜ்ஜியத்தை ஒட்டியிருக்கும். கலந்துவிட்டால் மொத்த மதிப்பையும் மேலே இழுத்துவிடும். கார்பனேட்டைக் கரைத்து நீக்க, ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியில் வைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. மாதிரியை வெள்ளிக் கேப்சூலில் இட்டு, லேசாக ஈரமாக்கி, மூடிய கலனில் ஒரு நாள் அமில ஆவியில் வைத்தேன். உலர்த்தி அளந்தபோது மைனஸ் 25.8. கடல் மிதவைப் பாசிகள் சுமார் மைனஸ் 21, சி3 தாவரங்கள் (மரங்கள், நெல் உள்ளிட்ட பெரும்பாலான நிலத் தாவரங்கள்) சுமார் மைனஸ் 27. ஆக, பெரும்பகுதி நிலத்துச் சரக்கு. கார்பன்-நைட்ரஜன் விகிதம் (நிலத் தாவரங்களில் கூடுதல், பாசிகளில் குறைவு) 17 என்பதும் அதற்கு ஒத்துப்போகிறது.

எதிர்பாராதது: அமிலம் பட்ட மாதிரியில் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) மதிப்பு ஒரு பெர்மிலுக்கு மேல் நகர்ந்துவிட்டது. நைட்ரஜனை அமிலம் படாத தனி மாதிரியில் அளவிடுங்கள். வெள்ளீயக் கேப்சூலை அமில ஆவியில் வைக்காதீர்கள். முதல் தொகுதியை அப்படித்தான் அரித்துப்போக விட்டேன்.