ஏஜெண்ட்டுக்கு கேண்டில் ஊட்டின அனுபவம்: உங்க கதையையும் சொல்லுங்க

அரைத்தூக்கம்:

பேப்பர் டிரேடிங்தான், சொந்தக் காசு ஒரு பைசா இல்ல. ஒரு எல்எல்எம் (சாட்ஜிபிடி மாதிரி மொழி மாடல்) ஏஜெண்ட்டுக்கு 10,000 டாலர் பொம்மைப் பணம் கொடுத்து, பிட்காயினோட ஒரு மணி நேர கேண்டிலை (அந்த மணியோட ஓபன், ஹை, லோ, குளோஸ், அதாவது தொடக்க, உச்ச, அடிமட்ட, முடிவு விலையும், கைமாறின அளவான வால்யூமும் சேர்ந்த ஒரு வரி) காட்டி, வாங்கறதா, விக்கறதா, சும்மா இருக்கறதான்னு கேட்கற விளையாட்டு. டேட்டா எடுக்கறது அஞ்சு நிமிஷ வேலை, மத்ததெல்லாம் பிராம்ப்ட்லதான் இருக்குன்னு நினைச்சேன்.

பைனான்ஸ் (Binance) கிரிப்டோ எக்ஸ்சேஞ்சோட பொது ஏபிஐக்கு (புரோகிராம் நேரா டேட்டா கேட்கற வழி) கீ கூட வேண்டாம். எந்த ஜோடி, எந்த இன்டர்வெல், எத்தனை வேணும்னு சொன்னா போதும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 கேண்டில். ஒவ்வொரு கேண்டிலும் 12 கட்டத்தோட வரும். விலையெல்லாம் எண்ணா வராம எழுத்தா வரும், மாத்திக்கணும். அவ்வளவுதான்.

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விட்டுட்டுப் படுத்தேன். காலையில பார்த்தா 11 தடவை வித்திருக்கு. பதினொண்ணுக்கும் ஒரே காரணம்: "வால்யூம் திடீரென வறண்டுவிட்டது, வாங்க ஆளில்லை, வெளியேறுகிறேன்." சந்தை பாட்டுக்கு நல்லாத்தான் ஓடியிருக்கு. ஏபிஐ தர்ற கடைசி வரி இன்னும் முடியாத கேண்டில். பிறந்து அஞ்சு நிமிஷம் ஆனதோட வால்யூமை முழு மணி நேரத்தோட பக்கத்துல வெச்சா பன்னெண்டுல ஒரு பங்குதானே இருக்கும்? பாவம், ஏஜெண்ட் கண்ணுக்கு அது பஞ்சம். மணி முடியப் போறப்ப திரும்ப வாங்கும், புது மணி பிறந்ததும் பயந்து விக்கும்.

கேண்டில் முடியற நேரம் எக்ஸ்சேஞ்ச் கடிகாரத்தைத் தாண்டியிருந்தா அந்த வரியை வெட்டிடுங்க. லேப்டாப் கடிகாரத்தை நம்பாதீங்க. க்ராக்கன் எக்ஸ்சேஞ்ச்லயும் கடைசி வரி முடியாததுதான். அங்க 720 கேண்டிலுக்கு முந்தினது கேட்டாலும் கிடைக்காது.

பச்சைமட்டும்:

உங்களுதாவது வித்துச்சு. என்னுது விக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது.

காயின்பேஸ் எக்ஸ்சேஞ்ச்ல எடுத்தேன். எல்லா இடத்துலயும் ஓபன், ஹை, லோ, குளோஸ்னுதானே வரும்னு ஆவணத்தைப் படிக்காமலேயே எழுதிட்டேன். அங்க வரிசை வேற: நேரம், லோ, ஹை, ஓபன், குளோஸ், வால்யூம். அதாவது நான் ஓபன்னு நினைச்சது லோ. அந்த மணியோட அடிமட்ட விலையைத் தொடக்கம்னு வெச்சா, முடிவு அதுக்குக் கீழ போக வழியே இல்ல. ரெண்டு வருஷ பிட்காயின் சார்ட்ல ஒரு சிவப்பு (விலை இறங்கின) கேண்டில் கூடக் கிடையாது! ஏஜெண்ட், "இவ்வளவு நீண்ட ஏற்றத்தை நான் கண்டதில்லை"ன்னு எழுதினதைப் படிச்சும் எனக்கு உறைக்கல. படமா வரைஞ்சு பார்த்தப்பதான் வயல் மாதிரி பச்சைப் பசேல்னு தெரிஞ்சுது. முழுக்க என் சோம்பேறித்தனம்.

இன்னொண்ணு, அங்க புதுசு மேல, பழசு கீழ வரும். திருப்பிப் போடாம கொடுத்தா, "மேலே இருப்பதுதான் புதியது"ன்னு பிராம்ப்ட்ல கொட்டை எழுத்துல சொன்னாலும் ஏஜெண்ட் பாதி நேரம் தலைகீழா வாசிக்குது. சின்ன காயின்ல அந்த நிமிஷம் யாரும் வாங்கல விக்கலன்னா கேண்டிலே வராது. அதனால 300 வரின்னா 300 நிமிஷம்னு அர்த்தமில்ல. முந்தின குளோஸை வெச்சு, வால்யூம் பூஜ்யம்னு போட்டு நிரப்பிக்கறேன்.

அஞ்சரை:

எனக்கு அடி விழுந்தது நேரத்தில். நாள் கேண்டில் முடிவது யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில், அதாவது நம்மூர்க் காலை 5:30. எனக்கு நம் தேதிப்படியே நாள் கேண்டில் வேண்டும் என்று ஒரு வீம்பு. ஒரு மணி நேர கேண்டில்களை எடுத்துத் தேதிவாரியாகக் கூட்டினேன். ஒவ்வொரு நாளிலும் ஒரு கேண்டில் இரவு 11:30க்குத் தொடங்கி 12:30க்கு முடிகிறது. அதை எந்த நாளில் சேர்ப்பது? நான் முந்தைய நாளில் சேர்த்தேன். ஆகவே தினமும் நாளைய அரை மணி நேரத்தை ஏஜெண்ட் இன்றே பார்த்துவிட்டது. லாபம் கொஞ்சம் கூடவே இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு 15 நிமிட கேண்டிலில் இருந்து கூட்டியதும் லாபம் கரைந்துவிட்டது.

மொத்தமாக ஜிப் கோப்பில் எடுப்பவர்களுக்கு: பைனான்ஸ் ஸ்பாட் கோப்புகளில் 2025 ஜனவரி 1 முதல் நேரம் மைக்ரோ விநாடியில் இருக்கிறது, அதற்கு முன் மில்லி விநாடி. ஒட்டும்போது மூன்று இலக்கம் கூடுகிறதா என்று பாருங்கள்.

ஜோசியக்காரன்:

நீங்க எல்லாரும் டேட்டா கசிஞ்சதைச் சொல்றீங்க. எனக்குக் கசிஞ்சது ஏஜெண்ட்டோட ஞாபகம். 2022 நவம்பர் கேண்டிலை ஒவ்வொரு நாளாக் காட்டிட்டு வந்தேன். 5ஆம் தேதியே எல்லாத்தையும் வித்துட்டு, எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் திவாலைக் காரணமா எழுதிச்சு. அது திவால் மனு போட்டது 11ஆம் தேதி! வெறும் ஓபன், ஹை, லோ, குளோஸ், வால்யூம்னு அஞ்சு எண்ணுதான் கொடுத்தேன், செய்தி ஒண்ணும் கொடுக்கல. பயிற்சியில படிச்சது.

தேதியை நீக்கினேன், காயின் பேரை நீக்கினேன், முதல் விலையை 100ன்னு வெச்சு மத்ததை அதுக்கேத்த மாதிரி சுருக்கினேன். ஜோசியம் நின்னுது, லாபமும் கூடவே நின்னுது. 2020 மார்ச் மாதிரி பேர்போன வீழ்ச்சிய இதுக்கப்புறமும் அடையாளம் கண்டுபிடிக்குமோன்னு சந்தேகம்தான். இப்பல்லாம் மாடலோட பயிற்சி முடிஞ்ச மாசத்துக்கு அப்புறம் வந்த கேண்டிலை மட்டும்தான் தொடறேன்.

பழையசோறு:

குட்டிக் கதை. லூனாங்கற காயினோட டேட்டா எடுக்கறவங்க ஜாக்கிரதை. 2022 மே மாசம் அது மண்ணோட மண்ணாப் போச்சு. அதே மாசக் கடைசியில அதே பேருல புதுக் காயின் வந்துச்சு, பழசுக்கு லங்க் (LUNC)னு பேரு மாத்திட்டாங்க. ரெண்டையும் ஒரே சார்ட்டா ஒட்டி, பூஜ்யத்துக்குப் பக்கத்துல வாங்கின என் ஏஜெண்ட் ஒரே ராத்திரியில குபேரன் ஆச்சு.

அப்புறம், 429 (ரொம்ப அடிக்கடி கேட்கறீங்கங்கற பிழை எண்) வந்தா கொஞ்சம் நிறுத்தி மூச்சு விடுங்க. மேல மேல தட்டினா பைனான்ஸ்ல 418 வரும், ஐபியையே பூட்டிடுவாங்க. அனுபவிச்சவன் சொல்றேன், வீட்டுல மத்தவங்க திட்டறது தனி.

அரைத்தூக்கம்:

பச்சை வயல் கதையை ஆபீஸ்ல படிச்சுச் சிரிச்சு மாட்டிக்கிட்டேன்.

முடியாத கேண்டிலை வெட்டிட்டு அதே ராத்திரியை திரும்ப ஓட்டினேன், 11 விற்பனை 2 ஆச்சு. ஒரு ஆசைக்கு நம்மூர்ல 2022 ஜூலையிலிருந்து கிரிப்டோ வித்தா பிடிக்கற 1% டிடிஎஸ் வரியையும் போட்டுப் பார்த்தேன். பழைய 11 விற்பனைக்கு 10,000த்துல ஆயிரம் டாலருக்கு மேல பிடித்தத்துலயே முடங்குது. ரிட்டர்ன்ல கணக்குக் காட்டிக்கலாம்னாலும், அதுவரைக்கும் ஏஜெண்ட் கையில அந்தப் பணம் இல்ல. பிராம்ப்ட்ல இதையும் ஒரு வரி சேர்த்தேன். நேத்து ராத்திரி முழுக்க ஒரே பதிவுதான், மணிக்கு மூணு தடவை: "காத்திருக்கிறேன்."