லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் வேணுமா? கண்டதைச் சொல்லுங்க

ஹட்டனிலிருந்து:
போட்டோகொப்பிக் கடைக்குப் போய்வரும் பென் ட்ரைவில் அதிகம் ஒட்டிக்கொண்டு வருவது ஷோர்ட்கட் வைரஸ்தான். விண்டோஸில் ஃபோல்டர் மறைந்து ஷோர்ட்கட் மட்டும் தெரியும். அதை அமுக்கினால் வைரஸ் ஓடும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்ட மெஷினில் செருகினால் ரெண்டுமே தெரியும்: நிஜ ஃபோல்டர், பக்கத்திலேயே அதே பெயரில் ‘.எல்என்கே’ என்று முடியும் குட்டிக் கோப்பு. விண்டோஸ் போடும் மறைப்புக் குறியை லினக்ஸ் பொதுவாகப் பார்ப்பதில்லை. சில பென் ட்ரைவில் எல்லாமே பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் போயிருக்கும். அதன் பெயர் வெறும் இடைவெளி எழுத்து. புள்ளைங்களோட ஏ.எல் நோட்ஸ் அதற்குள்ளேதான் பத்திரமா இருக்கும். தயவுசெய்து பதறி ஃபோர்மட் பண்ணிராதீங்க. உள்ளதை வெளியே எடுத்துவிட்டு ‘.எல்என்கே’, ‘.விபிஎஸ்’, ‘ஓட்டோரன்’ கோப்புகளை அழித்துவிடுங்க. லினக்ஸில் அந்த வைரஸ் சும்மா கிடக்கும். அழிக்காமல் கொடுத்தால் அடுத்த வீட்டு விண்டோஸில் எழும்பும்.

பண்டாரவளையிலிருந்து:
ஹட்டன் அண்ணே சொன்ன வைரஸைத் தேடிக் கொடுக்க கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் இருக்கு. முதலில் ‘ஃப்ரெஷ்கிளாம்’ என்ற கட்டளையை ஓட்டி வைரஸ் பட்டியலை இறக்கணும். முதல் தடவை 100 எம்பிக்கு மேல் போகும், டேட்டா பார்த்துக்கங்க. பிறகு ‘கிளாம்ஸ்கேன்’; ‘-ஆர்’ போட்டால் உள் ஃபோல்டர்களையும் பார்க்கும், ‘-ஐ’ போட்டால் பிடிபட்டதை மட்டும் காட்டும். பட்டியல் முழுக்க ரேமில் ஏறும், 1 ஜிபிக்கு மேல் பிடிக்கும். அதனால் 2 ஜிபி ரேம் லெப்டொப்பில் கிளாம்ஏவியின் பின்னணிச் சேவையை நிறுத்திவைங்க. பிரவுசரை மூடிட்டு, தேவைப்படும்போது மட்டும் ஸ்கேன் பண்ணுங்க. இல்லாட்டி மெஷின் அப்படியே இறுகிரும்.

இன்னொண்ணு, விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் ‘வைன்’ போட்டிருந்தால் ‘சும்மா கிடக்கும்’ என்று நம்ப வேணாம். வைனின் ‘இசட்’ ட்ரைவ் லினக்ஸின் முழுக் கோப்புமரத்தையும் காட்டுவதால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் விண்டோஸ் ரேன்சம்வேர் ஒன்று உங்க ஹோம் ஃபோல்டரைப் பூட்டிர முடியும்.

நுவரெலியாவிலிருந்து:
லினக்ஸையே குறிவைத்து வருவது பெரும்பாலும் பென் ட்ரைவில் வராது, பாஸ்வேர்ட் வழியாத்தான் வரும். 2016ல் மிராய் என்ற வைரஸ் பிடித்ததெல்லாம் லினக்ஸில் ஓடும் ரவுட்டர், சிசிடிவி கேமராக்கள். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததே காரணம். கடைக்கு கேமரா பூட்டினால் அன்றைக்கே மாற்றுங்க.

தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழி திறந்திருந்தால், பாஸ்வேர்டுக்குப் பதிலான கீ கோப்பை வைத்து நுழைந்து பார்த்த பிறகே பாஸ்வேர்ட் நுழைவை மூடுங்க. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வோலுக்கு யூஎஃப்டபிள்யூ என்ற புரோகிராம் போதும். ஆனால் தூரத்திலிருந்து இயக்குறவங்க ‘அலவ் எஸ்எஸ்எச்’ கொடுத்த பிறகுதான் ‘இனேபிள்’ கொடுக்கணும். மாறிக் கொடுத்தால் அடுத்த முறை நீங்களே உள்ளே போக முடியாது, மெஷின் இருக்கும் இடத்துக்குப் பஸ் ஏறணும்.