கிராப் வெட்டி பேண்ட் சட்டை போடும் தோழி, குழுவில் ஒட்டாமல் நிற்கிறார்

கேத்தி மலர்:
கோத்தகிரிப் பக்கம் எங்க சுய உதவிக் குழுவுல புதுசா ஒருத்தங்க சேர்ந்திருக்காங்க. கிராப், பேண்ட் சட்டை. சேமிப்பு, தவணை எல்லாம் சரியா கட்டுறாங்க. கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கறப்போ மட்டும் தனியா நின்னுடறாங்க. சங்கடப்படுவாங்களோன்னு வளைகாப்புக்கும் சிலர் கூப்பிடறதில்ல. என்ன பண்ணலாம்?

கொழுந்துக்கூடை:
கூப்பிடுங்க. வர்றதும் வராததும் அவங்க இஷ்டம். சந்தனம் குங்குமத் தட்டை எல்லாருக்கும் போல நீட்டுங்க. வேணாம்னா ஏன்னு கேக்காம அடுத்தவங்களுக்கு நகர்த்துங்க. "பொட்டு வெச்சா எவ்ளோ அழகா இருப்பே"ன்னு பாசமாத்தான் சொல்லுவோம். ஆனா, இப்படியே இருந்தா இங்க இடமில்லன்னுதான் அவங்க காதுல விழும்.

நாற்காலி அடுக்க, சிலிண்டர் தூக்க அவங்களையே ஏவாதீங்க, முறை போட்டுக்கோங்க. வெங்காயம் உரிக்கற இடத்துல உட்கார வைங்க. மனசு விட்டுப் பேசுறது அங்கதானே.

தோட்டத்துல சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை மாட்டித்தான் கொழுந்து கிள்ளுறோம். செடி கீறும்னு போட்டா சரி, பிடிச்சுப் போட்டா மட்டும் வேற ஆளா?

குன்னூர் கவி:
வெளிய போறப்போதான் சிக்கல். 2024லேர்ந்து மலைப்பகுதி அரசு டவுன் பஸ்லயும் பெண்களுக்குக் காசில்லை. கிராப், ஜெர்கின், குல்லாவைப் பாத்து கண்டக்டர் காசு கேட்டுடுவார். கும்பலா சண்டை போட்டா பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, கூச்சம் அவங்களுக்குத்தான். முன்னாடியே "லேடீஸ் மூணு"ன்னு இலவச டிக்கெட்டைச் சேர்த்து வாங்கிடுங்க. கழிப்பறைக்கும் பேசிக்கிட்டே சேர்ந்து போங்க, பெரும்பாலும் யாரும் தடுக்கறதில்ல.

கேத்தி மலர்:
சிலர் "அண்ணே"ங்கறாங்க. அவங்களும் சிரிச்சுக்கறாங்க. பரவாயில்லையா?

கொழுந்துக்கூடை:
சிரிப்பை நம்பாதீங்க. தனியா இருக்கறப்போ ஒரே தடவை கேளுங்க: "அக்கான்னு கூப்பிடட்டுமா, பேர் சொல்லட்டுமா?" சொன்னதையே எல்லாரும் பிடிச்சுக்கோங்க. கிராப்பை வெச்சு திருநம்பி (பொண்ணாப் பிறந்து தன்னை ஆணா உணர்றவங்க)ன்னோ, பெண்களைக் காதலிக்கறவங்கன்னோ முடிவு கட்டாதீங்க. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவங்களா சொன்னாலும், அடுத்தவங்க கிட்ட சொல்றது உங்க வேலை இல்ல.

எனக்கு ரொம்ப வருத்தம் தர்றது ஒண்ணு. மத்த தோழிங்களோட கை கோத்து நடப்போம், பஸ்ல தோள்ல சாஞ்சு தூங்குவோம். இவங்க வந்தா ஒரு சாண் தள்ளி உட்காருவோம். அதைக் கவனிச்சு, தப்பா நெனச்சுப்பாங்களோன்னு அவங்களும் கையை பாக்கெட்டுல விட்டுக்குவாங்க. ரெண்டு பக்கமும் இப்படித்தான் விலகிப் போகுது. அடுத்த கூட்டத்துல பாய் ஓரத்துல விடாதீங்க, நடுவுல இடம் விட்டுக் கூப்பிடுங்க. யாராவது வாய்க்குள்ள சிரிச்சா, சிரிச்சவங்களைப் பிறகு தனியா கூப்பிட்டுக் கண்டிச்சிடுங்க. அவங்க முன்னாடி வக்காலத்து வாங்க வேணாம்.