'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதிவிட்டேன், வீடு கைநழுவிவிடுமா?

ராயபுரத்துப் பெண்:
வெளிநாட்டுக்கு வந்து மூன்று வாரங்கள்தான் ஆகின்றன. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு விளங்காததால், வீட்டு உரிமையாளருக்கு 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் தி டெபாசிட்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். நம்பிக்கை இல்லையென்றால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. நாளைக் காலைக்குள் மறுமொழி எழுத வேண்டும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தண்டையார்பேட்டை, லண்டன்:
எந்த நாடு என்று சொல்லவில்லையே, தங்கச்சி. இங்கிலாந்து என்றால், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைந்த வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் முன்பணம் வாங்க 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. நான் 2016இல் வந்தபோது இந்தச் சட்டம் இல்லை. எட்டு வார வாடகையை ஒரே தவணையில் கட்டிவிட்டு, அந்தக் குளிர்காலம் முழுவதும் ரொட்டியைத் தின்றே கழித்தேன்.

பெரம்பூர், மெல்பர்ன்:
அவர் கேட்டது மொழியைப் பற்றி. 'டவுட்' என்ற சொல்லையே கடிதத்தில் எழுதாதீர்கள்.

வியாசர்பாடி, சிங்கப்பூர்:
அந்த அளவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டுகளாக அப்படித்தான் எழுதுகிறேன், ஒருவரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

பெரம்பூர், மெல்பர்ன்:
உங்கள் அலுவலகத்தில் நம்மவர்கள் நிறைய இருப்பார்கள், அதனால் புரிந்துகொள்கிறார்கள்.

காசிமேடு, டொரன்டோ:
வண்ணாரப்பேட்டையில் நான் படித்த பள்ளியில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் 'எனி டவுட்ஸ்?' என்றுதான் கேட்பார்கள், கை தூக்கியவனே நல்ல மாணவன். அதே சொல்லை இங்கே மேலாளரின் அறிக்கையைப் பற்றி எழுதியதும், அவர் கணக்கில் குற்றம் கண்டதாக எண்ணி இரண்டு வாரம் என்னோடு பேசவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லித் தரவில்லையே என்று இன்றும் மனம் ஆறவில்லை.

கொருக்குப்பேட்டை ஆசிரியை, ஓய்வு:
நாளைக் காலைக்குள் கடிதம் போக வேண்டும், அதைப் பார்ப்போம். நாம் 'சந்தேகம் கேட்டேன்' என்றால் அது கேள்வி, 'சந்தேகப்பட்டேன்' என்றால் அவநம்பிக்கை. நமக்கு வினைச்சொல் வேறுபடுத்திக் காட்டிவிடுகிறது. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் 'டவுட்' என்று எழுதினால் பெரும்பாலும் இரண்டாவது பொருள்தான் சென்று சேரும். ஆகவே, மகளே, இப்படி எழுது: 'ஐ ஆம் சாரி மை மெசேஜ் வாஸ் அன்கிளியர். ஐ வுட் லைக் டு டேக் தி ஃபிளாட். ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் தி டெபாசிட்.' அதற்குக் கீழே பிரிவின் எண்ணையும் கேள்வியையும் ஒரே வாக்கியத்தில் எழுது. 'ப்ளீஸ் கிளியர் மை டவுட்' என்று முடித்துவிடாதே.

ராயபுரத்துப் பெண்:
மிக்க நன்றி, அம்மா. ஊர் மான்செஸ்டர், பதற்றத்தில் சொல்ல விட்டுப்போயிற்று. பிரிவு 7இல் ஆறு வார வாடகையை முன்பணமாகக் கேட்டிருக்கிறார்கள், மாத வாடகை 900 பவுண்டு.

தண்டையார்பேட்டை, லண்டன்:
அப்படியானால் ஐந்து வாரம்தான் உச்சவரம்பு, தங்கச்சி. அம்மா சொன்ன அந்தக் 'கொஸ்டின்' வாக்கியத்தை அடுத்து, முன்பணத்தை ஐந்து வார வாடகையாகத் திருத்தித் தர முடியுமா என்று கேட்டு எழுது.